பாலில்லாத கள்ளி

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள பிள்ளைக்கு,

அரிசோனாவிலிருந்து நீ அனுப்பிய படம் பார்த்தேன். பக்கத்தில் நிற்கும் உன் அப்பா அந்தச் செடியின் இடுப்புக்கும் எட்டவில்லை. "பெரிய கள்ளி அப்பப்பா, தமிழில் என்ன பெயர்?" என்று கேட்டிருந்தாய். அந்தக் 'கள்ளி'யில்தான் எனக்கொரு பிணக்கு.

நம் ஒழுங்கை முனையில் நிற்கும் திருகுக்கள்ளியை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. சதுரக்கள்ளியும் அப்படித்தான். பால்தான் கள்ளிக்கு அடையாளம். நீ பார்த்ததைக் கீறினால் பால் வராது. இரண்டும் வேறு வேறு குடும்பம். மழை குறைந்த மண்ணில் இலையைக் கைவிட்டு, தண்டிலே தண்ணீரைச் சேமித்துப் பழகியதால் முகம் ஒத்துப்போயிற்று. பறக்கிறது என்பதற்காக வௌவாலும் காகமும் உறவாகிவிடுமா?

நீ பார்த்தது கற்றஸ் குடும்பம். அது முழுக்க அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. நம் நாகதாளி அங்கிருந்து வந்தது. சந்தையில் இப்போது விற்கிற ட்ரகன் பழக் கொடியும் அந்த வகைதான். ஒன்றே ஒன்று விலக்கு. மரக்கிளைகளில் கயிறு கயிறாகத் தொங்கும் முள்ளில்லாத சிறு கற்றஸ் ஒன்று ஆபிரிக்காவிலும் நம் இலங்கைத் தீவின் ஈரக்காடுகளிலும் தானாக வளர்கிறது. பறவை வயிற்றில் விதை வந்தது என்பது ஒரு கட்சி, கப்பலில் வந்தது என்பது இன்னொரு கட்சி.

இனிப் பெயருக்கு வருவோம். சிசிலித் தீவின் முட்செடி ஒன்றைப் பண்டைய கிரேக்கர் 'கக்டொஸ்' என்றார்கள். அது கற்றஸே அல்ல. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் அந்தச் சொல்லை எடுத்து அமெரிக்கச் செடிகளுக்குச் சூட்டிவிட்டார். அதே ஆண்டில் நம் பக்கச் சொல்லொன்றையும் எடுத்தார். திருகுக்கள்ளியின் அறிவியல் பெயர் 'யூபோர்பியா திருகள்ளி'. மலபார்ச் செடிகளைப் பற்றி ஒல்லாந்தர் 12 பாகமாக அச்சிட்ட நூலில் இருந்த மலையாளப் பெயர் அது. கள்ளி இப்படி லத்தீனுக்குள் ஏறிக் குந்திக்கொண்டது. இங்கேயோ கல்வியங்காடு என்ற ஊர் முன்பு கள்ளியங்காடாக இருந்தது என்பார்கள். கள்ளி கல்வியானதில் யாருக்கு இலாபமோ!

உன் படத்தில் இருப்பதை 1848இல் தாவரவியலாளர் ஏங்கல்மன் 'சீரியஸ் ஜைஜான்டியஸ்' என்றார்: இராட்சத மெழுகுதிரி. பொருத்தமான பெயர்தான். 1908இல் பிரிட்டன், ரோஸ் என்ற இரு தாவரவியலாளர்கள் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்து, உருக்கு வியாபாரத்தில் பெரும் பணக்காரரான ஆன்ட்ரூ கார்னகியின் பெயரை வைத்தார்கள். டூசன் நகரில் பாலைவன ஆய்வுகூடம் நடந்தது அவர் நிறுவனத்தின் பணத்தில். ஆளுயரம் வரவே பல பத்தாண்டுகள் எடுக்கிற, முதல் கிளை விட 50, 75 ஆண்டுகள் காத்திருக்கிற, 150 வயதையும் தாண்டுகிற ஒன்றுக்கு நன்கொடையாளர் பெயர். எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஊரில் எல்லோரும் சொல்லும் பெயர் 'சவாரோ'. ஸ்பானிய எழுத்தில் 'க' ஒலிக்கும் எழுத்து நிற்பதால் 'சாகுவாரோ' என்று வாசித்துவிடுவோம். அந்தச் சொல்லும் ஸ்பானியம் அல்ல. மெக்சிகோவின் ஆதிக்குடி மொழி ஒன்றிலிருந்து, அநேகமாக ஒபாட்டாவிலிருந்து, ஸ்பானியர் எடுத்தது என்கிறார்கள். ஆனால் அந்த நிலத்தில் வாழும் தொஹோனோ ஓடம் மக்கள் அதைக் கூப்பிடுவது 'ஹாஷன்' என்று. அவர்களுக்கு அது செடி அல்ல, தங்களைப் போல் ஓர் ஆள்.

ஆனி, ஆடியில் பழம் பழுக்கும். அதோடுதான் அவர்களின் புதுவருடம். பழத்தைக் காய்ச்சிப் பாகு எடுப்பார்கள், புளிக்கவைத்து மது செய்து மழை வேண்டிக் குடிப்பார்கள். பனங்கள்ளும் பாணியும் பனாட்டும் கண்ட நமக்கு இது புதுமையா? பட்டுப்போன ஹாஷனுக்குள் நீள நீளமான மரச்சிலாகைகள் இருக்கும். அவற்றை ஒன்றோடொன்று கட்டித் தடியாக்கி, நுனியில் குறுக்குக் கட்டை வைத்து, அதனாலேயே ஹாஷன் பழத்தைத் தட்டி விழுத்துவார்கள்.

உன் கேள்விக்குப் பதில்: தமிழில் பெயர் இல்லை. 'சவாரோ' என்று எழுது, பக்கத்தில் 'ஹாஷன்' என்றும் எழுது. மறுபடி அங்கே போனால், பழம் பறிப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு அந்தத் தடியின் நுனியை மட்டும் படம் எடுத்து அனுப்பு. கட்டு எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று நம் கொக்கத்தடியோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பப்பா