முதியோர் குடியிருப்பு: முன்பணம் கட்டுவதற்கு முன் பேச வேண்டியவை



பிள்ளைகள் துபாயில், சிங்கப்பூரில், சென்னையில். ஊரில் பெரிய வீடு இருக்கிறது. அதில் உம்மாவும் வாப்பாவும் மட்டும் இருக்கிறார்கள். நம் ஊர்களில் இது இப்போது சாதாரணமாகிவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். முதியோருக்கென்றே கட்டப்பட்ட குடியிருப்புகள் கோவையைச் சுற்றியும் சென்னைப் புறநகரிலும் பெருகிவிட்டன. விடுமுறையில் ஊர் வரும் பிள்ளைகள் அவற்றின் விளம்பரத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இதில் சேர்க்கலாமா, கூடாதா?" என்று கேட்கிறார்கள். இந்த இதழின் பாடம் அதைப் பற்றியது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். முதியோர் இல்லம் வேறு, முதியோர் குடியிருப்பு வேறு. ஆதரவற்றோருக்காக அறநிலையங்களோ அரசோ நடத்துவது முதியோர் இல்லம். மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும் அளவில் அமைக்கலாம் என்று 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் சொல்வது இந்த வகையைத்தான். குடியிருப்பு என்பது பணம் கொடுத்து வாங்குவது அல்லது வாடகைக்கு எடுப்பது. தனி வீடு, பொதுச் சமையல்கூடம், காவல், செவிலியர், அவசர மணி எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். "பெற்றோரைக் கொண்டுபோய் இல்லத்தில் தள்ளிவிட்டான்" என்ற ஊர்ப்பேச்சு இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அந்தப் பேச்சுக்குப் பயந்தே, விழுந்து இடுப்பு உடைந்த உம்மாவைத் தனி வீட்டில் வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23, 24ஆம் வசனங்கள் நமக்குத் தெரிந்தவை. முதுமையடைந்த பெற்றோரிடம் நம் நாவும் நடத்தையும் எப்படி இருக்க வேண்டும் என்று அவை பேசுகின்றன. ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசாத பிள்ளைக்கும் அது பொருந்தும். பணம் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் அழைக்காத பிள்ளைக்கும் பொருந்தும். உங்கள் குடும்ப நிலைக்கு எது சரி என்பதை நம்பிக்கையான ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டத்தின் கடமையும் இடம் மாறினால் மாறுவதில்லை. எங்கே வசித்தாலும், பராமரிப்பு கிடைக்காத பெற்றோர் கோட்டாட்சியர் அலுவலகத்தில் உள்ள தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம்.

நன்மை எங்கே இருக்கிறது?

முதியவர்கள் குளியலறையில் விழுவது அடிக்கடி நடக்கிறது. நம் பழைய வீடுகளில் கழிவறை கொல்லைப்புறத்தில் இருக்கும். போக இரண்டு படி இறங்க வேண்டும், தரையோ வழுவழுப்பு. முறையாகக் கட்டிய முதியோர் குடியிருப்பில் படி இருக்காது. சுவரில் பிடிமானக் கம்பி இருக்கும், கட்டிலருகே மணி இருக்கும், மணி அடித்தால் ஆள் வரும். மின்சாரம், குழாய், எரிவாயு என்று அலைய வேண்டியதில்லை. பேசுவதற்குச் சம வயது மனிதர்கள் கிடைக்கிறார்கள். தனியாக இருக்கும் வயதானவர்கள் சாப்பாட்டைச் சுருக்கிக்கொள்வது நமக்குத் தெரியும். ஒருவருக்காக எதற்கு உலை வைப்பது என்று காலையில் வைத்த கஞ்சியே இரவு வரை ஓடும். நேரத்துக்குச் சூடான சாப்பாடு கிடைப்பதே பலருக்குப் பெரிய மருந்து.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம்" என்று ஆண்கள் சொல்லும்போது, பார்த்துக்கொள்ளப் போவது பெரும்பாலும் மருமகள். பெற்றோரைப் பேணும் கடமை பிள்ளையுடையது. மருமகள் செய்வது அவளுடைய நற்குணம். அவளைக் கேட்காமல் எடுத்த முடிவு சில மாதங்களில் கசப்பாகி, அந்தக் கசப்பு முதியவரின் தட்டில்தான் வந்து விழுகிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்கு என்ற வழக்கம் இருப்பதால், உம்மாவுக்கு வயதாகும்போது மகள் அதே வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருப்பாள். மகளும் குடும்பத்தோடு கடல் கடந்து போன பிறகுதான் அங்கே இந்தக் கேள்வி எழுகிறது.

விளம்பரத் தாளில் இல்லாதது

முதுமையை மூன்று கட்டமாகப் பிரித்துப் பாருங்கள். தானே நடந்து, தானே குளித்து, வேளைக்குத் தொழுது வாழ்வது முதல் கட்டம். குளிக்கவும் மாத்திரை எடுக்கவும் ஒரு கை வேண்டும் என்பது இரண்டாவது. படுக்கையில் விழுவது, அல்லது மறதி நோயால் தன் வீட்டுக் கதவையே அடையாளம் தெரியாமல் போவது மூன்றாவது.

பெரும்பாலான குடியிருப்புகள் விற்பது முதல் கட்டத்தை. படத்தில் இருப்பவர்கள் கேரம் ஆடுகிறார்கள், நடைபயிற்சி போகிறார்கள். பிள்ளைகளுக்கு இருக்கும் பயமோ மூன்றாம் கட்டத்தைப் பற்றியது. அந்த நிலை வந்தால் இங்கேயே வைத்துப் பார்ப்பீர்களா? தனிச் செவிலியருக்கு யார் சம்பளம் கொடுப்பது? மறதி நோயாளிக்குத் தனிப் பகுதி உண்டா? அல்லது "அழைத்துப் போங்கள்" என்று கடிதம் வருமா? இந்தக் கேள்விகளுக்கு அலுவலகத்தில் வாயால் சொல்லும் பதில் போதாது, ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். எங்கள் பார்வையில் நல்ல குடியிருப்பையும் வெறும் அடுக்குமாடியையும் பிரித்துக்காட்டும் கேள்வி இதுதான். 80 வயதில், ஊர் வீட்டை விற்றுவிட்டு வந்த இடத்திலிருந்து கிளம்பச் சொன்னால் உம்மா எங்கே போவார்?

இரண்டாவது, மாதக் கட்டணம். இன்று இருவருக்கும் சேர்த்து 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8 சதவீதம் கூடினால் ஒன்பதாவது ஆண்டு முடிவில் அது 80,000 ஆகிவிடும். இப்போது மாதம் அனுப்பும் மகனுக்கு அன்று வேலை இருக்குமா, அவன் பிள்ளைகள் கல்லூரியில் இருப்பார்களா என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். கட்டணத்தை யார் உயர்த்தலாம், எவ்வளவு உயர்த்தலாம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். கட்டியவர் ஒருவர், சேவை நடத்துபவர் இன்னொருவர் என்பது இந்தத் தொழிலில் வழக்கம். நடத்துபவர் விலகினால் சமையல்கூடத்தை யார் திறப்பார் என்றும் கேளுங்கள். புதிய திட்டமாக இருந்தால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணைச் சரிபாருங்கள்.

வீடு யார் பெயரில்?

நம் குடும்பங்களுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. முகவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்குத் தெரிவதும் இல்லை. வாப்பா தன் பெயரில் 60 லட்சத்துக்கு ஒரு வீடு வாங்குகிறார். அவர் மவுத்தானால், பிள்ளைகள் இருக்கும் நிலையில் மனைவியின் பங்கு எட்டில் ஒன்று. அதாவது ஏழரை லட்சத்துக்கான பங்குதான் உம்மாவுடையது. மீதி மற்ற வாரிசுகளுடையது. எல்லாப் பிள்ளைகளும் மனமொத்திருந்தால் பிரச்சினை இல்லை. ஒருவர் கடனில் இருந்து தன் பங்கைக் கேட்டால், உம்மா குடியிருக்கும் வீடே பேச்சுக்கு வந்துவிடும். மனைவிக்கு வஸிய்யத் எழுதி வைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். வாரிசாக இருப்பவருக்கு எழுதும் வஸிய்யத் மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் நிற்கும்.

எனவே வாங்கும்போதே யோசிக்க வேண்டும். உம்மாவின் நகை விற்ற பணம் அதில் சேர்கிறது என்றால் அந்த அளவுக்கு அவர் பெயரும் பத்திரத்தில் வரட்டும். வாழ்நாளிலேயே ஹிபாவாகக் கொடுத்து, அனுபோகத்தையும் ஒப்படைக்கும் வழி இருக்கிறது. வைப்புத்தொகை கட்டி வாழ்நாள் வரை தங்கும் திட்டமானால் இருவர் பெயரிலும் ஒப்பந்தம் போட்டு, ஒருவருக்குப் பின் மற்றவர் அதே கட்டணத்தில் தொடரலாம் என்று எழுதி வாங்குங்கள். திரும்பி வரும் வைப்புத்தொகையை நியமனதாரர் கையில் வாங்கினாலும் அது எல்லா வாரிசுகளுக்கும் சேர வேண்டியது. வக்கீலிடம் ஒரு முறை, ஆலிமிடம் ஒரு முறை காட்டாமல் கையெழுத்திட வேண்டாம்.

ஊர் வீட்டை விற்று முன்பணம் கட்டுவது எங்களுக்கு உடன்பாடில்லை. இரண்டு ஆண்டாவது பூட்டியோ வாடகைக்கு விட்டோ வைத்திருங்கள். பிடிக்கவில்லை என்றால் திரும்ப ஓர் இடம் வேண்டும். பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், "என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அது மீறப்பட்டால் அந்த மாற்றத்தை ரத்து செய்யக் கேட்க 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வழி செய்கிறது.

தொழுகை, நோன்பு, மவுத்து

பள்ளிவாசல் எவ்வளவு தூரம்? ஜும்ஆவுக்கு வண்டி உண்டா? ஐம்பது வருடமாகப் பாங்கு சத்தத்தில் எழுந்த மனிதருக்கு அந்தச் சத்தம் இல்லாத விடியல் எப்படி இருக்கும் என்பதை அவரே சொல்லட்டும். சைவம் மட்டும் என்று விதி வைத்த வளாகங்கள் உண்டு. ஹலால் பற்றிய கவலை அதில் குறைவுதான் என்றாலும், மீன் இல்லாமல் ஒரு நாளும் சோறு இறங்காத கடற்கரை ஊர்க்காரருக்கு அது சின்ன விஷயமல்ல. சஹருக்கு அந்தச் சமையல்கூடம் திறக்குமா, அல்லது வீட்டிலேயே அடுப்பு வைத்துக்கொள்ளலாமா? உம்மாவைக் குளிப்பாட்டப் பெண் பணியாளர் இரவிலும் இருப்பாரா? கணவரை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கும்போது சாப்பாடு வீட்டுக்கே வருமா?

மவுத்தைப் பற்றிப் பேசப் பலரும் தயங்குகிறார்கள். ஆனால் நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்துவைக்க வேண்டியதில் முதலாவது இதுதான். முதலில் யாரை அழைப்பது, குளிப்பாட்ட யார் வருவார்கள், அடக்கம் அருகிலுள்ள மையவாடியிலா, சொந்த ஊரிலா? அருகில் என்றால் அந்த ஜமாஅத்திடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். சொந்த ஊர் என்றால் அங்கே ஜமாஅத் சந்தாவை நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டிலேயே இருக்க முடியுமா என்றும் பாருங்கள்

குடியிருப்புக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை ஊர் வீட்டில் போட்டால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. படுக்கையறையை ஒட்டி ஒரு கழிவறை, பிடிமானக் கம்பி, வழுக்காத தரை, பகலுக்கு ஒரு பணிப்பெண், இரவுக்குத் துணை ஒருவர், பக்கத்து வீட்டில் ஒரு சாவி. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. முதல் கட்டத்தில் இருப்பவர்களுக்கும், ஊரில் சொந்தபந்தம் நிறைந்தவர்களுக்கும் பெரும்பாலும் இதுவே போதும். பணிப்பெண் சொல்லாமல் நின்றுவிடும் நாட்களும், நம்பிக்கையான ஆள் கிடைக்காத மாதங்களும் இதில் இருக்கின்றன. அந்த நாட்களில் ஓடிவர ஊரில் ஒரு பிள்ளையோ தம்பியோ தங்கையோ இல்லை என்றால் குடியிருப்பின் பக்கம் தராசு சாயும்.

முடிவெடுக்கும்போது பெற்றோர் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும். பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் எல்லாம் முடிந்த பிறகு "உம்மா, இடம் பார்த்தாச்சு" என்று சொல்வது சரியல்ல. உம்மாவும் வாப்பாவும் ஒரே பதிலைச் சொல்வார்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள், இருவரையும் தனித்தனியே கேளுங்கள். தற்காலிகமாகத் தங்க இடம் தரும் குடியிருப்புகள் இருக்கின்றன. கட்டணம் கொடுத்து ஒரு மாதம் இருக்கச் செய்யுங்கள், முடிந்தால் அதில் சில நாட்கள் நோன்பு மாதத்தில் விழட்டும். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் பிள்ளைகளில் ஒருவர் போய், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கூட உட்கார்ந்து சாப்பிடட்டும். அங்கே இரண்டு, மூன்று வருடமாக இருப்பவர்களிடம், நிர்வாகத்தினர் இல்லாத நேரத்தில், கடைசியாக நோயில் விழுந்தவருக்கு என்ன நடந்தது என்று கேட்கட்டும்.

முதியோர் தொடர்பான உதவிக்கும் புகாருக்கும் 14567 என்ற இலவச எண் இருக்கிறது. அதை உம்மாவின் கைப்பேசியில் பதிந்து, எப்படி அழைப்பது என்றும் காட்டிக் கொடுங்கள்.