விசாரித்தவர் எங்கே போனார்? சோகோ சிஆர்எம் பாடம்

காஞ்சிபுரம் அருகே கூரத்தில், வீட்டிலிருந்தே பட்டுச் சேலை விற்கிறேன். விசாரிப்பவர்களை நோட்டில் எழுதி, திரும்ப அழைக்க மறந்ததால் ஒரு கல்யாண ஆர்டரே கைவிட்டுப் போனது. அதன் பிறகுதான் சோகோ சிஆர்எம் பக்கம் வந்தேன். நம் சென்னை நிறுவனம் 2005-ல் வெளியிட்டது. மூன்று பேர் வரை பயன்படுத்த இலவசப் பதிப்பு உண்டு. இன்ஸ்டால் செய்ய வேண்டாம், பிரவுசர் போதும்.

லாகின் செய்ததும் சில பெயர்கள் தெரியும். இவை மாட்யூல்கள்.

லீட்ஸ்: விசாரித்தவர்கள்.
காண்டாக்ட்ஸ்: வியாபாரம் பேசும் நபர்கள்.
அக்கவுண்ட்ஸ்: பணக்கணக்கு அல்ல, அவர்களுடைய கடை அல்லது நிறுவனம்.
டீல்ஸ்: பேச்சில் உள்ள வியாபாரம்.

1. லீட்ஸ் கிளிக் செய்து, புதிய லீடில் பெயர், போன் எண், கேட்ட நிறம் ஆகியவற்றை டைப் செய்து சேவ் கொடுங்கள்.
2. அந்த லீடைத் திறந்து, டாஸ்க் ஒன்று சேர்த்து, திரும்ப அழைக்க வேண்டிய தேதியைக் கொடுங்கள்.
3. வாங்குவார் என்று தெரிந்தால் கன்வெர்ட் பட்டனை அழுத்துங்கள். டீல் உருவாக்கும் கட்டத்தில் டிக் செய்து தொகையைக் கொடுங்கள்.

முதல்முறை கன்வெர்ட் அழுத்தியதும் லீட்ஸ் பட்டியலில் அந்தப் பெயரைக் காணோம்! அழிந்துவிட்டதென்று பதறி மறுபடி டைப் செய்தேன். ஒரே அம்மாவுக்கு இரண்டு பதிவு. இரண்டு முறை போன் செய்து அசடு வழிந்தேன். உண்மையில் பெயர் காண்டாக்ட்ஸுக்கும், தொகை டீல்ஸுக்கும் போயிருந்தன.

எனவே பெயர் காணவில்லையென்றால் மறுபடி டைப் செய்யாதீர்கள். மேலே உள்ள பூதக்கண்ணாடி ஐகானை கிளிக் செய்து தேடுங்கள். எந்த மாட்யூலில் இருந்தாலும் கிடைத்துவிடும்.