ரெண்டே நாள்... நெல்லைக்குப் போயிட்டு வாங்க, ஜோடியாக!

"எங்கேயாவது ரெண்டு நாள் போயிட்டு வாங்களேன்!"

பிரஷர் ஏறி, தூக்கம் குறைந்து, வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழும் நடுவயதுத் தம்பதிகளிடம் டாக்டர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. சொல்வது சுலபம். எப்படிப் போவது, எங்கே போவது, போன இடத்தில் சண்டை வராமல் எப்படித் திரும்புவது? இதை யாரும் சொல்லித் தருவதில்லை!

எங்கள் உறவில் ஒரு தம்பதி. அவருக்கு 54 வயது. பத்து வருஷமாகச் சர்க்கரை. அந்த அம்மாவுக்கு 49. முழங்கால் வலி. பூர்வீகம் அம்பாசமுத்திரம் பக்கம் என்றாலும் சென்னைவாசியாகி 25 வருஷம் ஆகிவிட்டது. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இரண்டே பேர். பேச்சு 'சாப்பாடு ஆச்சா?', 'மாத்திரை போட்டாச்சா?' என்பதோடு நின்றுபோனது. டாக்டர் சொன்னதைக் கேட்டு ஒரு மே மாதம் திருநெல்வேலிக்குக் கிளம்பினார்கள்.

ஒரே நாளில் நவதிருப்பதி ஒன்பதும், அப்படியே திருச்செந்தூரும்! இதுதான் திட்டம். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரண்டு இட்லியோடு கார் ஏறியவர், "நடை சாத்திருவாங்க, சாப்பாடு அப்புறம் பாத்துக்கலாம்" என்று கோவில் கோவிலாக ஓடினார். மதியம் இரண்டு மணிக்குக் காரில் வேர்த்துக் கொட்டியது. கை நடுக்கம். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில்.

"அத்தான், என்ன செய்யுது?" என்று அந்த அம்மா பதறிப்போனார். கையில் இருந்தது ஊருக்கு வாங்கிய அல்வா மட்டும். டிரைவர் மேலப்பாளையத்துத் தம்பி. அவர் வாப்பாவுக்கும் சர்க்கரை உண்டாம். சட்டென்று வண்டியை ஓரங்கட்டி, ரோட்டோரக் கடையில் ஒரு நன்னாரி சர்பத் வாங்கி வந்தார். "அண்ணாச்சி, கொஞ்சம் கொஞ்சமா குடிங்க... ஒண்ணுமில்ல." கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார்.

அன்று ராத்திரி லாட்ஜில் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. 'நீதான் இழுத்தே', 'நீங்கதான் அவசரப்பட்டீங்க' என்று ரயில் ஏறும் வரை மனத்தாங்கல். ஓய்வுக்குப் போன பயணம் ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பியது.

அதே தம்பதி மறுவருஷம் தை மாதம் மீண்டும் அதே ஊருக்குப் போய், சிரித்த முகத்தோடு திரும்பினார்கள். நடுவில் என்ன மாறியது? அதுதான் இந்தப் பாடம்.

பாடம் 1: ஊரைக் குறையுங்கள்

குறுகிய பயணத்துக்கு ஒரு நாளைக்கு மூன்றே மூன்று போதும். பார்க்க ஓர் இடம், உட்கார ஓர் இடம், சேர்ந்து ரசித்துச் சாப்பிட ஒரு வேளை. அவ்வளவுதான்! மிச்ச நேரம் ஓய்வு. 'இவ்வளவு தூரம் வந்துட்டு அதைப் பாக்காமப் போறதா?' என்ற எண்ணம்தான் பயணத்தைக் கெடுக்கும் முதல் எதிரி.

இன்னொரு விதி. ஆளுக்கு ஒரு விருப்பம். அவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும், அவள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். மற்றவர் அதற்கு மறுப்புச் சொல்லக் கூடாது. முகம் சுளிக்கவும் கூடாது!

பாடம் 2: காலம் பாருங்கள்

நெல்லையில் சித்திரை, வைகாசி வெயில் சாமானியமானது அல்ல. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வேர்வையில் நீர் வற்றி, தலைசுற்றல் வரலாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் வந்த பெருவெள்ளத்தை யாரும் மறக்க முடியாது. தையும் மாசியும்தான் நடுவயதுக்காரர்களுக்கு உகந்த காலம். ஆனித் தேரோட்டம் பார்க்க ஆசை என்றால் அதற்கென்று தனியாக வாருங்கள். ஓய்வையும் திருவிழாவையும் ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள்.

பாடம் 3: பல ஊர் சேர்ந்த ஊர்

திருநெல்வேலியை நம்மில் பலர் 'கல்யாணம், காதுகுத்து, துஷ்டி' ஊராக மட்டுமே பார்த்திருக்கிறோம். பஸ்ஸில் இறங்கி, மண்டபத்தில் சாப்பிட்டு, பஸ் ஏறிவிடுவோம். உண்மையில் இது ஓர் ஊர் அல்ல. தாமிரபரணிக்கு இக்கரையில் டவுனும் ஜங்ஷனும். அக்கரையில் பாளையங்கோட்டையும் மேலப்பாளையமும். 1994-ல்தான் இவை சேர்ந்து மாநகராட்சி ஆயின. கோவில் மணி, சர்ச் மணி, பள்ளிவாசல் பாங்கு மூன்றையும் ஒரே நாளில் கேட்டுவிடலாம்.

முதல் நாள் காலை: நெல்லையப்பர் கோவில். வெயிலுக்கு முன் போய்விடுங்கள். தட்டினால் ஸ்வரம் எழுப்பும் இசைத்தூண்களும், நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான தாமிர சபையும் இங்கேதான். காந்திமதி அம்மன் சன்னிதியும் சேர்ந்த பெரிய கோவில் இது. முழுவதும் சுற்ற வேண்டும் என்று கணக்கு இல்லை. முழங்கால் வலிக்கிறவர்கள் பிராகாரத்தில் பாதி தூரம் நடந்து, தூணில் சாய்ந்து உட்காருங்கள். அதுவும் தரிசனம்தான்.

மதியம்: அறையில் தூக்கம். கோவில் நடைகூடச் சாத்திவிட்டு ஓய்வெடுக்கிறது, உங்களுக்கென்ன!

மாலை: பாளையங்கோட்டை. பள்ளிகளும் கல்லூரிகளும் நிறைந்திருப்பதால் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு' என்று பெயர் வாங்கிய ஊர். 1826-ல் உருவான தூய திரித்துவப் பேராலயத்தை அதன் உயரமான கூர்முனைக்காக 'ஊசிக்கோபுரம்' என்றே சொல்வார்கள். அதற்கும் பழையது 1785-ல் குளோரிந்தா என்ற பெண்மணி கட்டிய சின்னக் கோவில். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த பிராமண விதவை அவர்.

பொழுது சாயும் நேரம்: பாலம். திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஆற்றைக் கடக்கப் படகுதான். கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டு இதைக் கட்டினார். அவர் மனைவியும் தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். போக்குவரத்து அதிகம் என்பதால் பாலத்தின் மேல் நின்று பேச முடியாது. ஓரமாக ஒரு தடவை நடந்து கடந்துவிட்டு, ஆற்றங்கரையில் நல்ல இடமாகப் பார்த்து உட்காருங்கள். இதுதான் அன்றைய 'உட்கார ஓர் இடம்'.

இரண்டாம் நாள்: பத்தமடை. மேற்கே சுமார் 20 கிலோமீட்டர். ஆற்றோரக் கோரைப்புல்லைப் பக்குவப்படுத்தி, மயிரிழையாகக் கிழித்து, பருத்தி நூலில் கோத்துப் பாய் நெய்கிறார்கள். நெய்கிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். மணமக்கள் பெயரை நெய்த கல்யாணப் பாய் இவர்கள் கைவேலை. எந்த மதத்துக் கல்யாணமானாலும் பெயர் ஏறும். நம் தம்பதியில் அந்த அம்மாவின் 'ஒரு விருப்பம்' இதுதான். "நம்ம கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் குடுத்தாங்களே, அந்தப் பாய் எங்க போச்சு அத்தான்?" என்று கேட்டாராம். வீடு மாற்றும்போது தொலைந்துபோனது. புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டார்கள்.

பாய்க்குப் பதில் சிற்பம்தான் வேண்டும் என்பவர்கள் திருச்செந்தூர் ரோட்டில் இருக்கும் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோவிலுக்குப் போகலாம். இரண்டில் ஒன்றுதான், ஞாபகம் இருக்கட்டும்!

பாடம் 4: சாப்பாடு

நெல்லைக்குப் போய் சொதி சாப்பிடாமல் வரலாமா? கல்யாணம் முடிந்து மாப்பிள்ளைக்குப் போடும் மறுவீட்டுச் சாப்பாட்டின் ராஜா அது. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய் எல்லாம் சேர்ந்தது. தேங்காய்ப்பால் வயிற்றுக்குக் கனம் என்பதால்தான் கூடவே இஞ்சிப் பச்சடி வைத்தார்கள் பெரியவர்கள். மதியம் அளவாகச் சாப்பிட்டால், ராத்திரி இட்லி, இடியாப்பம் போதும். மேலப்பாளையத்துப் பிரியாணிக்கும் இதே கணக்குதான். மதியம் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி வேண்டாம்.

அல்வா? சர்க்கரைக்காரர்கள் டாக்டர் அனுமதித்தால், சாப்பாட்டோடு சேர்த்து ஒரு வாய், இருவருக்கும் ஒரே வாழையிலைத் துண்டில். ஊருக்கு வாங்கும் பொட்டலத்தை ஊரில்தான் பிரிக்க வேண்டும்.

பாடம் 5: தாழ்சர்க்கரை தெரிந்திருக்கட்டும்

இன்சுலின் போடுகிறவர்களுக்கும், சில வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சாப்பாடு தள்ளிப்போனால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். அறிகுறிகள்: வேர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, எரிச்சல், குழப்பமான பேச்சு. 'சும்மா கோபப்படுதாரு' என்று மனைவி நினைப்பது சில சமயம் கோபமாக இருக்காது, தாழ்சர்க்கரையாக இருக்கும்!

உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். குளுக்கோஸ், சர்பத், பழச்சாறு எதுவும் சரி. அல்வா, சாக்லேட் கொடுக்க வேண்டாம். அவற்றில் உள்ள நெய்யும் கொழுப்பும் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். 15 நிமிஷம் பாருங்கள். சரியாகாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-க்கு போன் செய்யுங்கள்.

பாடம் 6: பாதம் பத்திரம்

கோவிலிலும் தர்காவிலும் செருப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும். நாள்பட்ட சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். மதிய வெயிலில் கருங்கல் தரை சுட்டாலும் தெரியாது. கொப்புளம் வந்து, புண்ணாகி, ஆறாமல் போனால் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். ஆகவே காலை 9 மணிக்குள் அல்லது மாலை 5 மணிக்கு மேல் போங்கள். அனுமதி உள்ள இடங்களில் பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி பாதத்தைப் பாருங்கள்.

ஆற்றைக் கண்டால் குளிக்க ஆசை வரும். உள்ளூர்க்காரர்கள் குளிக்காத துறையில் இறங்காதீர்கள். வழுக்குப் பாறையும் சுழலும் நீச்சல் தெரிந்தவரைக்கூட விடாது. தண்ணீர் கலங்கி வந்தால் கரையோடு நிற்பதே நல்லது.

பையில் இருக்க வேண்டியவை

* இருவரின் மாத்திரைகளும், இரண்டு நாள் உபரியாக. மருந்துச் சீட்டின் நகல் ஒன்று.
* குளுக்கோஸ் பாக்கெட், பிஸ்கட், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்.
* தலை மூட ஒரு துணி. தர்காவுக்கும் ஆகும், வெயிலுக்கும் ஆகும்.
* சின்ன டார்ச்.
* அறை எடுக்கும்போது லிஃப்ட் அல்லது தரைத்தளம், மேல்நாட்டுக் கழிவறை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் நன்றி சொல்லும்.

செல்போனுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 'மக போன் பண்ணாளா?' என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டாம். அவள் நன்றாகத்தான் இருப்பாள்.

டார்ச் எதற்கு?

பட்டியலில் டார்ச் எதற்கு என்று யோசித்தீர்களா? உள்ளங்காலைத் தானே பார்ப்பது, அதுவும் வெள்ளெழுத்து வந்த கண்ணால், கஷ்டம். முதல் நாள் ராத்திரி அறையில் அவர் குனிந்து குனிந்து பார்த்து முடியாமல் உட்கார்ந்திருந்தார். "நீட்டுங்க இப்பிடி" என்று அந்த அம்மா காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, டார்ச் அடித்து, விரல் இடுக்கு இடுக்காகப் பார்த்தாராம். ஒரு கீறல்கூட இல்லை.

"இத்தனை வருஷத்துல என் காலை நீ இப்பிடிப் பாத்ததே இல்லையேளா" என்றார் அவர். சற்று நேரம் கழித்து, "ஒன் முட்டு எப்பிடி இருக்கு? தைலம் தேச்சு விடட்டா?"

அவ்வளவுதான் நடந்தது. இதற்காகத்தான் அந்த டாக்டர் 'ரெண்டு நாள் போயிட்டு வாங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். சென்னைக்குத் திரும்பிய பிறகும் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குப் பாதப் பரிசோதனை உண்டு. டி.வி. அப்போது அணைந்திருக்கும்.

உங்கள் வீட்டு காலண்டரை எடுங்கள். தையிலோ மாசியிலோ இரண்டு நாளை வட்டம் போடுங்கள். நெல்லைதான் என்றில்லை, எந்த ஊரானாலும் சரி. பார்க்க ஒன்று, உட்கார ஒன்று, சாப்பிட ஒன்று. டார்ச்சை மறக்காதீர்கள்!