தோட்டத்து மீன்குளம்: நீரைச் சோதித்தலும் பேணலும்

குருநகர் கடலை அடுத்த ஊர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். ஆதலின் கிணற்று நீர் பெரும்பாலும் வன்னீராகும். கோடையில் மிகுதியாக இறைப்பின் உவரும் ஏறும்.

எனவே, புளிப்பு நீருக்கு இடும் சுண்ணாம்பு இத்தகைய நீருக்கு வேண்டா. காரம் கூடக்கூட, மீன்கழிவில் உண்டாகும் அமோனியாவின் நச்சும் கூடும். சோதனைத்தாளில் பீ.எச். பெறுமானம் 6.5 முதல் 8.5 வரை இருத்தல் நன்று.

விடியலில் மீன்கள் மேலே வந்து வாய்பிளந்து மூச்சுவாங்கின், பிராணவாயு குறைந்ததென அறிக. உடனே தீனியை நிறுத்தி, புதுநீரை உயரத்திலிருந்து சிதறி விழுமாறு ஊற்றுக.

வெயிலில் ஆவியாவது நீரே, உப்பு தங்கிவிடும். ஆதலின் வற்றியதை நிரப்புதல் மட்டும் போதாது. வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு பழைய நீரை அகற்றிப் புதுநீர் விடுக. அகற்றிய நீரைத் தென்னைக்குப் பாய்ச்சலாம்.