அரைக் கட்டைத் தகராறு

மேடையில் பாட்டு பிசகினால் பழி யார் தலையில் விழும் என்று இசைக்குழுக்காரர் எல்லோருக்கும் தெரியும். பாடகருக்குத் தொண்டை கட்டியிருக்கலாம், பேட்காரர் தூங்கி விழுந்திருக்கலாம். சனம் முறைப்பது கீபோர்ட்காரனைத்தான். டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்து அம்மன் திருவிழாவில் எனக்கும் அதுதான் நடந்தது. "அன்னைக்குக் கீபோர்ட் கால வாரிருச்சு" என்று அன்று பாடிய பாடகர் இன்றும் ஹட்டன் டவுனில் சொல்லித் திரிகிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்700. டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் பாய்ந்த 2022க்கு முன்பே வாங்கிவிட்டேன். இவ்வளவு காசைக் கொட்டணுமா என்று அப்போது கேட்டவர்கள் இப்போது இரவல் கேட்டு வருகிறார்கள். அதில் ஏ முதல் எஃப் வரை ஆறு பொத்தான்களுக்கு நாமே வேலை கொடுக்கலாம். பின்பக்கம் பெடலுக்கு இரண்டு துளை. மெனுவில் 'அசைனபிள்' என்பதைத் திறந்து வேலையைத் தெரிவு செய்ய வேண்டியதுதான். கையேட்டில் படமே போட்டிருக்கிறது.

வில்லங்கம் ரெஜிஸ்ட்ரேஷனில் இருக்கிறது. ஸ்டைல், வொய்ஸ், டெம்போ எல்லாவற்றையும் ஒரே பொத்தானுக்குள் பதிகிறோம் அல்லவா, டிக்கை எடுத்துவிடாவிட்டால் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸும் கூடவே பதிந்துவிடும். எனக்குப் பென்டிரைவில் ரெஜிஸ்ட்ரேஷன் கொடுத்த அண்ணன் எதிலும் அந்த டிக்கை எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அன்று திருவிழாவில் பாட்டு தொடங்கப்போகும் நேரத்தில் பாடகர் மைக்கிலேயே, "தம்பி, அரைக் கட்டை இறக்குங்க" என்றார். டிரான்ஸ்போஸ் மைனஸை ஒரு தட்டு தட்டினேன். பல்லவி நன்றாகப் போனது. இடையிசைக்குப் புல்லாங்குழல் வேண்டுமென்று மூன்றாம் ரெஜிஸ்ட்ரேஷனை அழுத்தினேன். அதற்குள் பதிந்திருந்த பழைய சுருதிக்குக் கீபோர்ட் தானாகத் தாவிவிட்டது. பாடகர் கீழே, நான் அரைக் கட்டை மேலே. இரண்டு மூன்று கட்டை தள்ளியிருந்தாலாவது ஏதோ மெஷின் கோளாறு என்று விட்டிருப்பார்கள். அரைக் கட்டை என்பது யாரோ ஒருவருக்குச் சுருதி ஞானமே இல்லை என்பதுபோல் காதில் நாராசமாக விழும். அந்த யாரோ நான்தான் என்று சரணம் முடிவதற்குள் சனம் தீர்மானித்துவிட்டது.

இதைத் தடுக்க ஃப்ரீஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. மெனுவில் 'ரெஜிஸ்ட் ஃப்ரீஸ்' பக்கத்தில் டிரான்ஸ்போஸுக்கு டிக் போட்டு, ஃப்ரீஸை எரியவிட்டால் எந்த ரெஜிஸ்ட்ரேஷனை அழுத்தினாலும் சுருதி அசையாது. அங்கேயே பெடலுக்கும் டிக் போடுங்கள். பெடலின் வேலையும் ரெஜிஸ்ட்ரேஷனுக்குள் பதியக்கூடியது. அடுத்தவர் கொடுத்ததை அழுத்தினால் உங்கள் சஸ்டெயின் பெடல் அவர் வைத்த வேலையைச் செய்யும். நம் தோட்டங்களில் திருவிழா என்றால் கரண்ட் போகாமல் இருக்காது. வந்ததும் நான் முதலில் பார்ப்பது ஃப்ரீஸ் விளக்கை, பிறகு டிரான்ஸ்போஸ் எண்ணை. "அடிங்க தம்பி, அடிங்க" என்று கமிட்டிக்காரர் கத்தட்டும்.

அந்த ஆறு பொத்தான்களில் டிரான்ஸ்போஸை வைக்காதீர்கள், அதற்குத்தான் தனியாகவே சுவிட்ச் இருக்கிறதே. ஏ பொத்தானில் ஃபேட் அவுட் வைத்திருக்கிறேன். பாட்டு உச்சத்தில் இருக்கும்போதுதான் தொழிற்சங்கத் தலைவர் வந்து இறங்குவார், அறிவிப்பாளர் மைக்கைப் பறிப்பார். சட்டென்று நிறுத்தினால் பாடகருக்குக் கோபம், நிறுத்தாவிட்டால் தலைவரின் ஆட்களுக்குக் கோபம். ஃபேட் அவுட் இருவருக்கும் மரியாதை. மற்ற ஐந்தும் உங்கள் இஷ்டம்.

முதல் பெடல் சஸ்டெயின், அதில் பேச்சில்லை. இரண்டாவதில் பலர் அடுத்த ரெஜிஸ்ட்ரேஷனுக்குப் போகும் வேலையை வைக்கிறார்கள். கால் தெரியாமல் பட்டால் வயலின் போய் டிரம்பெட் வந்து நிற்கும். நான் வைத்திருப்பது ஃபில்-இன். உங்கள் குழுவிலும் முழு டிரம்ஸ் செட் இருக்காது, தாளத்தில் பாதி கீபோர்டில்தான் ஓடும். வலது கை மெட்டில், இடது கை கோர்டில் இருக்கும்போது 'சுராங்கனி' மாதிரி ஒரு பைலாவுக்குத் திருப்பம் கொடுக்கக் காலைத் தவிர வேறு எது மிச்சம்? 'காலால தாளம் போடுறவன்' என்று எனக்குப் பெயர் வைத்தவர்கள் தப்பு அடிப்பவர்களோடு ஒரு பாட்டு வாசித்துப் பார்க்கட்டும்.

பெடல் வாங்கும்போது கனமானதாகப் பாருங்கள். கோயில் திடலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். மூடுபனியில் பலகை நனைந்திருக்கும், சின்னப் பெடல் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். அடியில் ரப்பர் மெட் போட்டு ஒட்டுங்கள். சுவிட்ச் போடும் நேரத்தில் பெடலில் கால் இருக்கவே கூடாது. இருந்தால் கீபோர்ட் அதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளும்: மிதித்தால் சத்தம் அறுபடும், விட்டால் இழுத்துக்கொண்டே இருக்கும். அணைத்துவிட்டுக் காலைத் தள்ளி வைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

இப்போது பாட்டுப் பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே பாடுபவரின் கட்டையைப் பென்சிலால் எழுதி வைக்கிறேன். அந்தப் பாடகருக்கு மட்டும் இரண்டு எண்கள்: ஒத்திகையில் கேட்பது ஒன்று, மைக்கைப் பிடித்ததும் கேட்பது இன்னொன்று.