வகுப்பறைக் கண்ணியம்

ஆங்கிலம் கற்பிக்க வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகள் முதலில் அறிய வேண்டியது, கண்ணியத்தின் அளவுகோல் நாட்டுக்கு நாடு மாறும் என்பதே. சவூதியில் ஆண், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் பெரும்பாலும் தனித்தனி. தாய்லாந்தில் தலை புனிதமாகக் கருதப்படுகிறது. நாம் பாசமாக ஒரு மாணவரின் தலையைத் தடவுவது அங்கே மரியாதைக் குறைவு. பிரான்சில் அரசுப் பள்ளி ஆசிரியைகள் ஹிஜாப் அணிய முடியாது. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாணவியருக்கும் அனுமதியில்லை.

அங்கே போய்ச் சேர்ந்தபின், முக்காடா சம்பளமா என்று நம் பெண்கள் தவிக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே உடை, தொழுகை நேரம், கலப்பு வகுப்பு ஆகியவை பற்றிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குவோம். பிறர் நாணத்தையும் மதிப்போம். நம் நாணத்தையும் காப்போம், இன்ஷா அல்லாஹ்.