திட்டு வாங்கினால்தான் தரம் வருமா?

கேள்வி: ஐயா, நான் பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். நான் தினமும் பயன்படுத்தும் ஒரு திறமூல மென்பொருளில் ஒரு பிழை இருந்தது. காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து, திருத்தம் எழுதி அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. “விதிகளைப் படிக்கவில்லையா? இதை ஏஐ எழுதியதா? எங்கள் நேரத்தை வீணாக்காதீர்கள்” என்று எழுதி, என் கோரிக்கையை மூடிவிட்டார்கள். அதன் கீழேயே வேறு இரண்டு பேர் கேலி செய்திருந்தார்கள். கல்லூரி சீனியர் ஒருவரிடம் சொன்னேன். “அந்த உலகம் அப்படித்தான். லினஸ் டோர்வால்ட்ஸ் எல்லாரையும் திட்டித் திட்டித்தான் லினக்ஸை வளர்த்தார். திட்டு தாங்காதவனுக்கு அங்கே இடமில்லை” என்றார். அது உண்மையா? இதை விட்டுவிட்டு வேலை தேடும் வழியைப் பார்க்கட்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத மாணவர், தென்காசி

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

விட்டுவிட வேண்டாம். உங்கள் சீனியரின் பேச்சை நம்பவும் வேண்டாம். டோர்வால்ட்ஸ் திட்டினார் என்பது உண்மைதான். அதனால்தான் லினக்ஸ் வளர்ந்தது என்பதற்கு ஆதாரம் கிடையாது. எதிர்த்திசையில் நிறைய ஆதாரம் உண்டு.

தொழில்நுட்பக் குழுக்களில் சண்டை புதிதல்ல. 1992 ஜனவரி 29 அன்று, ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம், மினிக்ஸ் பயனர்களின் யூஸ்நெட் குழுவில் லினக்ஸ் காலாவதியானது என்று எழுதினார். மாணவர்கள் படிப்பதற்காக மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை 1987-இல் வெளியிட்டவர் அவர். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் சிறியதாக இருக்க வேண்டும், மற்ற வேலைகள் தனித்தனி நிரல்களாக அதற்கு வெளியே ஓட வேண்டும் என்பது அவர் கட்சி. எல்லாவற்றையும் ஒரே கெர்னலுக்குள் வைப்பதும், இன்டெல் 386 சில்லு ஒன்றையே நம்பிக் கட்டுவதும் பின்னோக்கிப் போகிற வேலை என்றார். டோர்வால்ட்ஸ் அப்போது 22 வயது ஹெல்சிங்கி மாணவர். காரசாரமாகப் பதில் எழுதினார். பிறகு, தொனி தவறிவிட்டது என்று அதே குழுவில் மன்னிப்பும் கேட்டார். இந்த மன்னிப்பை உங்கள் சீனியரைப் போன்றவர்கள் யாரும் சொல்வதில்லை.

கதை அதோடு முடியவில்லை. 2004-இல் அமெரிக்காவில் ஒருவர், ஒரு மாணவன் தனியாக ஒரு கெர்னலை எழுதியிருக்க முடியாது, அது மினிக்ஸிலிருந்து எடுக்கப்பட்டிருக்கும் என்ற பொருளில் ஒரு புத்தகம் தயாரித்தார். டேனன்பாமையும் நேரில் சந்தித்துக் கேட்டார். லினக்ஸை எழுதியது டோர்வால்ட்ஸ்தான், என் நிரலை அவர் திருடவில்லை என்று டேனன்பாம் பகிரங்கமாக எழுதினார். கெர்னல் வடிவமைப்பு பற்றிய தன் கருத்தை மட்டும் அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை. கருத்தில் அணுவளவும் இறங்காமல், எதிராளியின் நேர்மைக்குச் சாட்சி சொன்னார். தொழில்நுட்ப வாதம் என்றால் என்னவென்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

பின்னாளில் கெர்னலின் மின்னஞ்சல் குழுவில் வசவு வழக்கமாகிவிட்டது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. யூஎஸ்பி 3.0-க்கான இயக்கியை லினக்ஸுக்கு எழுதித் தந்த பொறியாளர் 2013-இல் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். மாற்றம் வரவில்லை. 2015-இல், கெர்னல் பணியிலிருந்து விலகியதற்கு இந்தச் சூழலே காரணம் என்று எழுதினார். திறமை இல்லாதவர்கள்தான் திட்டுக்குப் பயந்து ஓடுவார்கள் என்பவர்கள் இந்த ஒரு விலகலுக்காவது பதில் சொல்ல வேண்டும்.

2018 செப்டம்பர் 16 அன்று டோர்வால்ட்ஸே, மின்னஞ்சல்களில் தான் ஆட்களைத் தாக்கியது முறையல்ல என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். சில காலம் ஒதுங்கியிருந்து, மற்றவர்களின் உணர்வுகளைப் புரிந்துகொள்ள உதவி பெறப்போவதாகவும் சொன்னார். கெர்னலுக்கு நடத்தை விதிகளும் அப்போதே வந்தன. இனி லினக்ஸின் தரம் போயிற்று என்று அன்று பலர் புலம்பினார்கள். நடந்தது வேறு. 4.19 பதிப்பை அவருக்குப் பதிலாக கிரெக் குரோவா-ஹார்ட்மன் அக்டோபர் 22 அன்று வெளியிட்டார். டோர்வால்ட்ஸ் திரும்பி வந்தார். அதே 4.19 நீண்டகால ஆதரவுப் பதிப்பாக 2024 டிசம்பர் வரை பராமரிக்கப்பட்டது. ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு பதிப்பு என்ற ஒழுங்கு இன்றுவரை குலையவில்லை. திருத்தங்களை நிராகரிப்பதும் குறையவில்லை. டோர்வால்ட்ஸ் இன்றும் கண்டிப்பானவர்தான், கோபப்படுகிறவரும்கூட. ஆனால் வசவு போனால் தரம் போய்விடும் என்ற வாதம் அந்த ஆண்டோடு முடிந்துவிட்டது.

தம்பி, இதைவிட முக்கியமான ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. கடுஞ்சொல் மென்பொருளைக் காக்கும் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு எக்ஸ்இசட் விவகாரத்தைச் சொல்லுங்கள்.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய கருவி. அனேகமாக எல்லா லினக்ஸ் விநியோகங்களிலும் இருக்கும். அதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்தவர் லாஸே கொலின் என்ற பின்லாந்துக்காரர். சம்பளம் எதுவும் இல்லை. 2022-இல் அந்தத் திட்டத்தின் மின்னஞ்சல் குழுவில், அதுவரை யாரும் அறியாத சில பெயர்களிலிருந்து நச்சரிப்பு தொடங்கியது. திருத்தங்கள் ஏன் தேங்கிக் கிடக்கின்றன, உங்களுக்கு ஆர்வம் போய்விட்டது, வேறு பராமரிப்பாளரிடம் கொடுங்கள் என்ற தொனியில் கடிதங்கள் வந்தன. தனக்கு நீண்டநாள் மனநலச் சிக்கல் இருப்பதையும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்குப் பணி என்பதையும் கொலின் பொதுவெளியில் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் நச்சரிப்பு நிற்கவில்லை. அதே காலத்தில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் மிகப் பணிவாக, பொறுமையாக, உருப்படியான திருத்தங்களை அனுப்பிக்கொண்டிருந்தார். களைத்துப்போன மனிதருக்கு உதவிக்கு ஆள் கிடைத்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பராமரிப்பு உரிமை அந்தப் பெயரின் கைக்குப் போனது.

2024 பிப்ரவரியில் வெளிவந்த 5.6.0 பதிப்பிலும் அடுத்த 5.6.1-இலும் ஒரு பின்கதவு இருந்தது. அது எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழி செய்தது. அதைக் கண்டுபிடித்தவர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயின்ட். எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை நொடி அதிகம் எடுப்பது ஏன் என்று துருவிப் பார்த்து, மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். டெபியன், ஃபெடோரா போன்றவற்றின் சோதனைப் பதிப்புகளோடு ஆபத்து நின்றுபோனது. நச்சரித்த அந்தப் பெயர்களும் இதே சதியின் பகுதி என்றே ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

இதில் என்னை உலுக்குவது நிரல் நுட்பம் அல்ல. அந்தக் கடிதங்களைப் படித்தபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பராமரிப்பாளரை இப்படி நெருக்குவது இந்த உலகத்தில் அன்றாடக் காட்சி. அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்வது சதிகாரர்களுக்குச் சுலபமாகிவிட்டது. மரியாதையாகப் பேசும் வழக்கம் இருந்திருந்தால் அந்தக் கடிதங்கள் உடனே தனித்துத் தெரிந்திருக்கும். அவமதிப்பைப் பழக்கமாக வைத்திருப்பது பாதுகாப்புக் குறைபாடு. இதை உறுதியாகவே சொல்கிறேன்.

இனி, உங்களுக்குப் பதில் எழுதியவரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர் எழுதிய விதம் தவறு. அவருடைய களைப்பு உண்மையானது. 2020 அக்டோபரில், நான்கு திருத்தக் கோரிக்கைகள் அனுப்பினால் டி-சர்ட் என்ற ஹாக்டோபர்ஃபெஸ்ட் விழாவின்போது, விளக்கக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்தும் மாற்றியும் குப்பைக் கோரிக்கைகள் குவிந்தன. அவற்றில் கணிசமானவை நம் நாட்டு மாணவர்களிடமிருந்து போனவை. யூடியூபில் பார்த்ததை அப்படியே செய்தார்கள். தொல்லை பொறுக்காமல், விருப்பம் தெரிவிக்கும் திட்டங்கள் மட்டுமே விழாவில் சேரும் என்று விழா நடக்கும்போதே அமைப்பாளர்கள் விதியை மாற்றினார்கள். இப்போது ஏஐ கருவிகள் எழுதித்தரும் பொய்யான பிழை அறிக்கைகள். கர்ல் மென்பொருளை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்க் இதைப் பற்றி 2024 தொடக்கத்திலிருந்தே எழுதிவருகிறார். பார்ப்பதற்கு நேர்த்தியான ஒரு பொய் அறிக்கையைப் பொய் என்று நிரூபிக்க, உண்மையான ஒன்றைச் சரிபார்க்கும் அளவுக்கு நேரம் ஆகிறது. ஏஐ எழுதியதா என்று உங்களிடம் கேட்டவர், உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் மேல் இருந்த எரிச்சலை உங்கள் மேல் இறக்கியிருக்க வாய்ப்பு அதிகம். அது நியாயமாகிவிடாது. ஆனால் அந்தக் கோபம் உங்கள் திறமையைப் பற்றிய தீர்ப்பு அல்ல.

வாய்ச்சண்டையும் பலரைச் சாய்த்திருக்கிறது. பைத்தான் நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ராஸம், ஒரு நிரல்வரிக்கு நடுவிலேயே மாறிக்கு மதிப்பு அளிக்கும் ஒரு குறியீட்டைச் சேர்த்ததற்காக நடந்த சண்டையில் மனம் வெறுத்து, 2018 ஜூலையில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். இத்தனைக்கும் அந்தச் சண்டையில் வென்றவர் அவர்தான். இன்றைக்குப் பைத்தானை ஐவர் குழு நடத்துகிறது. சிறிய விஷயத்துக்கே பெரிய சண்டை வருகிறது என்பதைக் கவனியுங்கள். சைக்கிள் கொட்டகைக்கு எந்த நிறம் அடிப்பது என்ற சண்டை என்று இதற்கு நிரலாளர்களிடையே ஒரு பெயரே உண்டு. 1999-இல் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மின்னஞ்சல் குழுவில் பவுல்-ஹென்னிங் காம்ப் எழுதிய ஒரு கடிதம் அதைப் பரப்பியது. அணு உலையைப் பற்றிப் பேச அறிவு வேண்டும், கொட்டகையைப் பற்றி யாரும் பேசலாம் என்பதுதான் அதன் பொருள். நிரல்வரியை உள்தள்ள டேபா, இடைவெளியா; நிரல் எழுத வீஐயா, ஈமேக்ஸா என்ற பட்டிமன்றங்களில் உங்கள் இளமையைச் செலவழிக்காதீர்கள்.

உங்கள் திருத்தத்துக்கு வருவோம். வந்த பதிலில் பயனுள்ள சொற்றொடர் ஒன்றே ஒன்றுதான்: விதிகளைப் படிக்கவில்லை. பங்களிப்பு வழிகாட்டிக் கோப்பை முழுதாகப் படியுங்கள். பெரும்பாலும் மூன்று இடங்களில் புதியவர்கள் சறுக்குவார்கள்: ஒரே திருத்தத்தில் பல மாற்றங்களைத் திணிப்பது, சோதனை நிரல் சேர்க்காதது, ‘பிழை சரிசெய்யப்பட்டது’ என்று மட்டும் கமிட் குறிப்பு எழுதுவது. என்ன மாற்றினீர்கள் என்பது நிரலிலேயே தெரியும். ஏன் மாற்றினீர்கள் என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். ஏஐ கேள்விக்கு உள்ளதை உள்ளபடி பதில் சொல்லுங்கள். பயன்படுத்தியிருந்தால் எந்த அளவுக்கு என்று சொல்லுங்கள். இல்லையென்றால் பிழையை எந்தெந்தப் படிகளில் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுங்கள். அந்தப் படிகளைவிட நல்ல சாட்சி இல்லை.

கேலி செய்தவர்களுக்குப் பதில் எழுத வேண்டாம். கேலி உங்கள் நாட்டையோ பெயரையோ மொழியையோ தொட்டிருந்தால், அந்தத் திட்டத்தின் நடத்தை விதிக் குழுவுக்கு இணைப்போடு ஒரே ஒரு கடிதம் அனுப்புங்கள். அது புகார் சொல்லித் திரிவது ஆகாது. அந்தக் குழு இருப்பதே அதற்காகத்தான். ஆங்கிலம் தடுமாறும் என்று தயங்குகிறீர்களானால், டோர்வால்ட்ஸின் தாய்மொழி ஸ்வீடிஷ் என்பதை நினைவில் வையுங்கள். சின்ன வாக்கியங்கள் போதும்.

பதில் வரவில்லையென்றால் ஒரு வாரமாவது பொறுத்து, ஒருமுறை நினைவூட்டுங்கள். மறுபடியும் ஆளையே தாக்கினால் அந்தத் திட்டத்தை விட்டு வேறொன்றுக்குப் போங்கள். உங்களுக்குத் தெரிந்ததைப் பொறுமையாக வாங்கிக்கொள்ளும் பராமரிப்பாளர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். வேலை தேடுவதற்கும் இதற்கும் முரண்பாடு இல்லை. ஏற்கப்பட்ட ஒரு திருத்தத்தை எந்த நேர்காணலிலும் திறந்து காட்டலாம்.

செமஸ்டர் தேர்வு நெருங்குவதற்குள் இரண்டாம் வடிவத்தை அனுப்பிவிடுங்கள். பிழை எந்தப் பதிப்பில், எப்படி வெளிப்படுகிறது என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.